சண்டை வராது

ராஜாங்கம் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தபோது பெண் வீட்டு வாசலில் கூடியிருந்த யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டிய காரியம்தான். ஆட்டைத் திருடவில்லை என்று சூடம் அடித்துச் சத்தியம் பண்ணியவர்களை அந்த ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். வரப்பை நகர்த்தவில்லை என்று அடித்தவர்களையும், பக்கத்து வீட்டுக்காரிக்குச் செய்வினை வைக்கவில்லை என்று அடித்தவர்களையும் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இனிமேல் சண்டை வராது என்று சூடம் அடித்த மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

பெண் கேட்டு வந்த இடம் அது. கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்திலிருந்து இன்னும் உள்ளே தள்ளிப் போக வேண்டிய ஊர். ஆதிமூலம் மரவள்ளி போடுகிற விவசாயி, ஒரே பெண், பெயர் கண்ணகி. ராஜாங்கத்துக்கு மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்புக் கொல்லை. ஒரே மகன் பழனி பட்டாளத்தில் இருந்தான். ஜாதகம் பொருந்தியது, நிலம் நீச்சு பொருந்தியது, பையன் போட்டோவைப் பெண் இரண்டு தரம் வாங்கிப் பார்த்தாள் என்று உள்ளேயிருந்து சேதியும் வந்துவிட்டது. ஆதிமூலத்துக்குத்தான் மனசு ஒப்பவில்லை. கார்கில் சண்டை முடிந்த சமயம், பக்கத்துத் தாலுகாவில் ஓர் ஊருக்குக் கொடி போர்த்திய பெட்டி ஒன்று வந்ததை அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பெட்டியை அல்ல, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை. தாலிக் கயிற்றில் மஞ்சள்கூட மங்கவில்லை அவளுக்கு. அதற்குப் பிறகு பட்டாளம் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு அந்தக் கழுத்துதான் ஞாபகம் வந்தது.

"கார்கிலோட அது முடிஞ்சி போச்சிங்க" என்றார் ராஜாங்கம். "இனிமே சண்ட கெடையாது. ரெண்டு பேருகிட்டயும் அணுகுண்டு வந்திடுச்சி."

"குண்டு வந்தா சண்ட ஜாஸ்தியா தான ஆவும்?"

ராஜாங்கம் இந்தக் கேள்விக்காகத்தான் இரண்டு வருஷமாகக் காத்திருந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். பாலைவனத்தில் குண்டு வெடித்துச் சோதித்துப் பார்த்த அந்தக் கோடையில், கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் யாரோ லட்டு கொடுத்ததை வாங்கித் தின்றவர் அவர். தின்றதோடு விடாமல் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டும் இருந்தார். படிப்பு கம்மி. ஆனால் யோசனைக்குக் குறைச்சல் இல்லை.

"ஒங்க கொல்லையும் என் கொல்லையும் ஒட்டிக்கினு இருக்குதுன்னு வைங்க. ரெண்டுலயும் கரும்பு முத்தி, சோகை காஞ்சி கெடக்குது. நமக்குள்ள ஆவாது. நீங்க என் கொல்லைக்கி நெருப்பு வெப்பீங்களா?"

ஆதிமூலம் யோசித்தார். "வெச்சா எனுதும் போவுமே."

"அவ்ளோதாங்க. அணுகுண்டுன்னா அவ்ளோதான்."

"குடிகாரன் ஒருத்தன் இருந்தான்னா?"

"குடிகாரனுக்கும் வூடு வாச இருக்குமில்லீங்க."

ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள். ஆதிமூலம் ஆட்டவில்லை. உள்ளே போய்ச் சூடக் கட்டியை எடுத்து வந்து, வெற்றிலை மேல் வைத்துக் கொளுத்தினார். அப்படியானால் சண்டை வராது என்று அடித்துச் சொல்லுங்கள் என்றார். ராஜாங்கம் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தெரிந்த விஷயத்துக்குச் சத்தியம் பண்ண யாருக்குப் பயம்? தை மாதம் கல்யாணம் நடந்தது.

கல்யாணம் முடிந்து லீவும் முடிந்து பழனி திரும்பிப் போன பிறகு, அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும்தான். ராஜாங்கத்தின் மனைவி பாப்பாத்தி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு என்பதே கிடையாது. அவர் பேசினால் அவரேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். கண்ணகி வாயாடி. கோழியோடு பேசினாள், எரியாத விறகோடு பேசினாள், தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவளின் புடவையைப் பற்றி அவளிடமே கேட்டாள். "இன்னாம்மா, யாருகிட்ட பேசற?" என்று ராஜாங்கம் கேட்டால், "ஒங்ககிட்டதான் மாமா, நீங்கதான் காதுல வாங்கறதில்ல" என்பாள். கொல்லையிலிருந்து திரும்பும்போது தூரத்திலேயே அவள் குரல் கேட்டுவிடும். அதைக் கேட்டதும் ராஜாங்கத்துக்குப் பசிக்கும். மனைவி செத்த பிறகு அவருக்குப் பசி என்று ஒன்று வந்ததே அப்போதுதான்.

அந்த வருஷம் கார்த்திகை முடிகிற சமயம் டெல்லியில் பார்லிமெண்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அதற்கடுத்த வாரமே டீக்கடை பாவாடை ஆள் அனுப்பினான். அவன் கடையில்தான் போன். பழனி பேசினான். லீவு எல்லாம் ரத்து, மொத்தப் பட்டாளத்தையும் ரயிலேற்றிப் பார்டருக்குக் கொண்டுபோகிறார்கள், ராஜஸ்தான் பக்கம், மணல், குளிர், சாப்பாடு பரவாயில்லை என்று சொன்னான். "சண்ட வருமாடா?" என்று கேட்க ராஜாங்கத்துக்கு வாய் வரவில்லை. அதைக் கேட்டால் தன் சத்தியத்தைத் தானே சந்தேகப்பட்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது. போனைக் கண்ணகியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஆதிமூலம் பொங்கல் சீர் கொண்டு வருகிற சாக்கில் வந்தார். கரும்பு விளைகிற ஊருக்குக் கரும்புச் சீர் எதற்கு என்று கேலி பேச யாருக்கும் மனசில்லை. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க சம்மந்தி. சண்டன்னு ஒண்ணு வந்தா, அந்த சேதிய என் பொண்ணு இந்த வூட்ல தனியா ஒக்காந்து கேக்கக் கூடாது. நான் கூட்டிக்கினு போறேன். வரலன்னு முடிவாச்சின்னா நீங்களே வந்து அழைச்சிக்கினு வாங்க. நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்."

"வராதுங்க" என்றார் ராஜாங்கம்.

"வராட்டி சந்தோசம்."

கண்ணகி பையை எடுத்துக்கொண்டு அப்பாவின் பின்னால் போனாள். தெருமுனை திரும்பும்வரைக்கும் பேசிக்கொண்டேதான் போனாள். குழம்பு உறியில் இருக்கிறது, கறுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, தொந்தரவு பண்ணாதீர்கள் மாமா என்று. அதோடு அந்த வீட்டில் சத்தம் நின்றது.

பத்து மாதம் ஒரு மனிதன் சண்டை வராமல் இருப்பதற்காகக் காத்திருப்பது எப்படி என்று கேட்டால் ராஜாங்கத்தைத்தான் கேட்க வேண்டும். சண்டை வருவதற்குக் காத்திருந்தால் ஒரு நாள் வந்துவிடும், காத்திருப்பும் முடிந்துவிடும். வராமலிருப்பதற்குக் காத்திருக்கிறவனுக்கு எந்த நாளும் முடிவு கிடையாது. இன்றைக்கு வரவில்லை, சரி, நாளைக்கு? அவர் காலையில் எழுந்து கஞ்சி வைத்துக்கொண்டு, தொலைக்காட்சியில் செய்தி கேட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனார். மதியம் வந்து மறுபடி கேட்டார். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து கரும்பு வெட்டிய நாட்களில்கூட, ஆட்களுக்குக் கூலியைக் கொடுத்த கையோடு செய்திக்கு ஓடிவந்தார். வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுவார்கள். இந்தப் பக்கம் இத்தனை லட்சம் பேர், அந்தப் பக்கம் இத்தனை லட்சம் பேர் என்பார்கள். அந்த லட்சத்தில் பழனி எங்கே நிற்கிறான் என்று கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணகி போனதிலிருந்து வீட்டில் பேசுகிற ஒரே பிறவி அந்தத் தொலைக்காட்சிதான். அதுவும் நல்ல சேதி எதுவும் சொல்லவில்லை.

சித்திரை, வைகாசியில் நிலைமை முற்றியது. வெளிநாட்டுக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு டெல்லியை விட்டுப் போகிறார்களாம். குண்டைப் போட்டால் ஒரே நாளில் கோடிக்கணக்கில் சாவார்களாம். பாவாடை பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துச் சொன்னான்.

"டெல்லி, பம்பாய் எல்லாம் சாம்பலாம் அண்ணே."

"நம்ம ஊரு?"

"நம்ம ஊர எவன் சீந்தறான். பஸ்ஸே ஒழுங்கா வர மாட்டேங்குது, குண்டா வரப்போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். ராஜாங்கமும் சிரித்துவிட்டு எழுந்துவந்தார். நடக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. கரும்புச் சோகை நியாயத்தில் ஒரு பாதியைத்தான் அவர் யோசித்திருந்தார். இரண்டு பேரும் நெருப்பு வைக்க மாட்டார்கள், வாஸ்தவம். ஆனால் வைப்பேன் வைப்பேன் என்று காட்டிக்கொண்டே இருந்தால்தானே எதிராளிக்குப் பயம் இருக்கும்? அதற்கு வரப்பு மேல் யாரையாவது நிறுத்தி வைக்க வேண்டுமே. வெயிலிலும் குளிரிலும் கையில் தீப்பெட்டியோடு நிற்க ஓர் ஆள் வேண்டுமே. கொல்லைக்காரன் வீட்டில் படுத்துத் தூங்குவான். வரப்பில் நிற்கிறவன் எவன் பெற்ற பிள்ளையோ. இந்த யோசனை வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஐயனார் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டார். நம்முடைய குண்டு பத்திரமாக இருக்க வேண்டும், அவர்களுடைய குண்டும் பத்திரமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். ஒன்று கெட்டுப்போனாலும் சண்டை வந்துவிடும், அவர் கணக்குப்படி. பாகிஸ்தான்காரன் குண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று இந்த மண்ணில் சாமி கும்பிட்ட ஆள் அவர் ஒருவராகத்தான் இருக்கும். வெளியே சொல்லியிருந்தால் ஊரில் செருப்பால் அடித்திருப்பார்கள். சொல்வதற்கும் வீட்டில் ஆள் இல்லை.

ஐப்பசியில் பட்டாளம் திரும்புகிறது என்று செய்தி சொன்னார்கள். ராஜாங்கம் செய்தி முடிகிறவரைக்கும்கூட உட்காரவில்லை. வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு, கள்ளக்குறிச்சியில் இறங்கி, இருக்கிற கடையிலேயே பெரிய கடையாகப் பார்த்து ஜிலேபி வாங்கிக்கொண்டு, அடிவாரத்து பஸ்ஸைப் பிடித்தார். மலை மழையில் நனைந்து பக்கத்தில் வந்து நின்றதுபோல இருந்தது. ஆதிமூலம் வாசலுக்கே ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஜெயிச்சிட்டீங்க சம்மந்தி" என்றார். கோழி அடித்தார்கள். ராஜாங்கம் அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்துவிட்டு ஆதிமூலத்தின் சம்சாரம் இன்னொரு தரம் உலை வைத்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது கண்ணகி பத்து மாதப் பேச்சையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசினாள். அவர் அசதியில் தூங்கிவிட்டார். தூக்கத்திலும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல தூக்கம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

பழனி மட்டும் வரவில்லை. போனில்தான் பேசினான்.

"எல்லாரும் கெளம்பிக்கினு இருக்காங்கப்பா. எங்க ஆளுங்க மட்டும் இருக்கணும். சண்ட வரும்னு கண்ணிவெடி பொதைச்சமில்ல, அத எடுக்கணும்."

"நீங்க பொதைச்சதுதான? எடுத்துட்டு வா."

"கரும்புக் கரண நடற மாதிரி வரிசையாத்தான் வெச்சோம். காத்து மணல நவுத்திடுச்சி. வெச்ச எடத்துல கெடைக்க மாட்டேங்குது."

"பாத்து எடு" என்றார் ராஜாங்கம். மல்லாட்டை பிடுங்குகிறவனிடம் வேர்க்கடலை அறுந்து மண்ணில் நின்றுவிடாமல் பார்த்து எடு என்று சொல்வார்களே, அந்த மாதிரிதான் சொன்னார். அவர் மனசில் சண்டை முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது வெறும் வேலை.

மாசியில் ஒரு நாள் பாவாடையே மூச்சு வாங்க ஓடிவந்தான். போனில் பழனி இல்லை. கூட வேலை பார்க்கிற தமிழ்ப் பையன். பேர் சொன்னான், ஊர் சொன்னான், மதுரைப் பக்கம். உயிருக்கு ஒன்றுமில்லை, ஒரு கால் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றான். ராஜாங்கம் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போனை வைத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தால் கண்ணகி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. கடைசி அரிசிவரைக்கும் புடைத்து முடித்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்தாள். அன்றிலிருந்து அவள் கோழியோடு பேசவில்லை.

ஊர் துக்கம் விசாரிக்க வந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எந்தச் சண்டையில் போனது? ராஜாங்கம் சண்டை நடக்கவில்லை என்றார். அப்புறம் எப்படிக் கால் போகும்? புதைத்த கண்ணியை எடுக்கும்போது. யார் புதைத்தது? நாம்தான். இந்த இடத்துக்கு வந்ததும் கேட்டவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகும். சண்டையில் போன கால் என்றால் ஊருக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியும். மாலை போடலாம், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுக் கொடி ஏற்றச் சொல்லலாம். நடக்காத சண்டையில் போன காலை என்ன செய்வது? ஏரிக்கரையில் இரண்டு பேர், தண்ணி போட்டுவிட்டு வண்டியில் விழுந்திருப்பான், கிழவன் மறைக்கிறான் என்று பேசிக்கொண்டு போனது ராஜாங்கத்தின் காதிலேயே விழுந்தது. அவர் சண்டைக்குப் போகவில்லை. யாரோடு போவது? நம்பும்படியாகச் சொல்ல அவருக்கே தெரியவில்லை.

ஆடி பிறந்து பழனி வந்தான். புனேயில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் பொருத்தி, நடக்கப் பழக்கி அனுப்பியிருந்தார்கள். சேலம் வந்து, பாசஞ்சர் ஏறி சின்னசேலத்தில் இறங்கினான். ஸ்டேஷனுக்கு ராஜாங்கத்தைத் தவிர ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஒரு நாய் இருந்தது. மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் இருந்தார்கள். பழனி பேண்ட் போட்டு, இரண்டு கால்களிலும் ஷூ போட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினான். ராஜாங்கம் அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைத்தான் பார்த்தார். எது நிஜக்கால், எது போனது என்று தெரியவில்லை. இத்தனை மாதத்தில் எந்தக் கால் என்று அவர் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. இப்போது கேட்க வெட்கமாக இருந்தது. பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். "நல்லா இருக்கியாடா" என்றார். "நல்லா இருக்கம்பா" என்றான். வீடு வந்து சேரும்வரை அவ்வளவுதான் பேச்சு.

ஆதிமூலம் வருவார் என்று ராஜாங்கத்துக்குத் தெரியும். வந்து என்ன கேட்பார், தான் என்ன சொல்ல வேண்டும் என்று தினமும் கொல்லையில் தனியாக நின்று ஒத்திகை பார்த்தார். திட்டினால் வாங்கிக்கொள்வது. காலில் விழச் சொன்னால் விழுவது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் மறிக்காமல் இருப்பது. சூடம் அடித்துச் சொன்ன பொய், சொன்னவன் வீட்டைத்தான் வந்து சேரும் என்பார்கள். வந்து சேர்ந்துவிட்டது, போதாதா? ஆதிமூலம் வந்தார். மாப்பிள்ளையின் தோளைத் தொட்டுப் பார்த்தார். சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வந்து ராஜாங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்.

"மனச வுட்றாதீங்க சம்மந்தி. ஒங்க சத்தியம் ஒண்ணும் பொய்யாவல. சண்ட வரலியே."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் ராஜாங்கத்தால் தாங்க முடியவில்லை. செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். உண்மைதான், வார்த்தைக்கு வார்த்தை அவர் சத்தியம் பலித்துவிட்டது. அன்றைக்கு அந்த வாசலில் ஆதிமூலம் கேட்டது சண்டையைப் பற்றி. இவர் அடித்துச் சொன்னதும் சண்டையைப் பற்றி. பையன் முழுசாகத் திரும்புவானா என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சண்டை வராவிட்டால் பையன் வந்துவிடுவான் என்று இரண்டு விவசாயிகள் நினைத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்று என்று அவர்களுக்கு யார் சொன்னது?

ஆதிமூலம் கிளம்பும்போது மகளைப் பார்த்தார். "நாலு நாளு வந்து இருந்துட்டு வரியாம்மா?" நாலு நாள் என்றால் எத்தனை நாள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பழனி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணகி சாப்பிட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "சூடம் கொளுத்தனது நீ. அணைச்சது அவுரு. என்ன எவனாவது ஒரு வார்த்த கேட்டீங்களா? இப்ப மட்டும் இன்னா கேக்கற?"

ஆதிமூலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தனியாகத்தான் போனார். அவள் ஆசையில் தங்கினாளா, ஆத்திரத்தில் தங்கினாளா என்று ராஜாங்கத்துக்குத் தெரியவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இருக்கிறது என்றும் தோன்றவில்லை. மூன்று பேர் இருக்கிற வீடு அவர் ஒருவராக இருந்த காலத்தைவிட அமைதியாக இருந்தது. தட்டு வைக்கிற சத்தம், செம்பு வைக்கிற சத்தம், சிமெண்டுத் தரையில் பழனி நடக்கிற சத்தம், அவ்வளவுதான். ஒரு நாள் அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னாள். "சிமெண்டு தரையிலயே நடக்கறாரு மாமா. தார் ரோட்ல நடக்கறாரு. மண்ணுல கால வெக்க மாட்டேங்கறாரு. வாசல்ல எறங்கறதுக்குக்கூட கல்லு போட்டுக் குடுத்திருக்கேன்."

ராஜாங்கத்துக்கு அதற்கு மேல் எதுவும் விளங்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பழனி தார் ரோடு வழியாகக் கொல்லைவரைக்கும் வருவான். ரோட்டோரம் பாலத்துக் கட்டை மேல் உட்கார்ந்துகொள்வான். அப்பா வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இறங்க மாட்டான். பழைய கரும்புக் கட்டைகளைப் பறித்துவிட்டு, புது நடவுக்காக டிராக்டர் விட்டு உழுதிருந்தார்கள். கொல்லை முழுக்கப் பொலபொலவென்று புழுதியாகக் கிடந்தது. சின்ன வயசில் இந்த மாதிரிப் புழுதியைக் கண்டால் விழுந்து புரளுகிற பையன் அவன். பாப்பாத்தி குச்சியை எடுத்துக்கொண்டு துரத்துவாள்.

அன்றைக்குக் காலையிலும் அவன் பாலத்துக் கட்டை மேல்தான் உட்கார்ந்திருந்தான். ராஜாங்கம் மோட்டார் கொட்டகைக்குப் போகக் கிளம்பினார். கொட்டகை கொல்லையின் அந்தக் கோடியில் இருந்தது. அவர் புழுதியில் இறங்கியதும் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"யப்பா, இரு. நானும் வரேன்."

திரும்பிப் பார்த்தார். பழனி ஷூவோடு வரப்பில் நின்றான். முகமெல்லாம் வேர்வை. வெயில் இன்னும் ஏறவில்லை.

"நீ முன்ன நடப்பா. நிக்காத."

ராஜாங்கம் நடந்தார். பின்னால் ஒரு காலடி கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் சத்தம் நின்றது. திரும்பினார். பழனி ஒரு காலைத் தூக்கியபடி, தரையில் அவருடைய காலடி பதிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, எட்டாமல் நின்றான்.

"எட்டிப் போடாதப்பா. கிட்டக் கிட்ட வை."

"ஏண்டா?"

"முன்ன போறவன் மிதிச்ச எடத்துலதான் மிதிக்கணும். அதான் பழக்கம்."

ராஜாங்கம் வாயைத் திறந்தார். இது நம்ம கொல்லைடா, இதில் ஒன்றும் கிடையாதுடா, நான் சொல்கிறேன் என்று சொல்லத்தான் திறந்தார். ஆனால் திரும்பிக்கொண்டு, குழந்தைக்கு நடை பழக்குகிறவர்போலச் சின்ன அடியாக எடுத்து வைத்தார். தடம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் அழுத்தி ஊன்றினார். பின்னால் ஒரு காலடி மெத்தென்று விழுந்தது, அடுத்தது கனமாக விழுந்தது. எது எந்தக் கால் என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தார். ரோட்டில் ஆலைக்குப் போகிற வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மோட்டார் கொட்டகை இன்னும் தூரத்தில் இருந்தது.

பாதிக் கொல்லைக்கு வந்தபோது அவர் கால் தானாக நின்றது. பிறந்ததிலிருந்து மிதிக்கிற மண். எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே நீர் நிற்கும், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மண். அடுத்த அடியை இந்தப் பக்கம் வைப்பதா, அந்தப் பக்கம் வைப்பதா என்று தெரியாமல், தூக்கிய காலோடு ராஜாங்கம் புழுதியைக் குனிந்து பார்த்தார். பின்னால் பழனி, அவர் வைக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றான்.